ஊரே சொல்லும் பெயர் யாருடையது?

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

கடிதம் சொல்வது

ஈரோட்டுப் பக்கத்து நெசவு நகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். விசைத்தறி வைத்திருப்பவர்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றை 2009இல் தாமே எழுதி விற்கத் தொடங்கியவர். எந்தத் தறிக்கு எவ்வளவு பாவு நூல் போனது, எத்தனை மீட்டர் துணி இறங்கியது, தறி ஓட்டுபவருக்கு அந்த வாரம் என்ன கூலி, வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு பிடித்தம் என்பதையெல்லாம் அது காட்டும். பெரிய நிறுவனங்களின் மென்பொருள்கள் இந்தக் கணக்கின் பக்கமே வராததால், சுற்று வட்டாரத்தில் இது நன்றாக விற்றிருக்கிறது. அதன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். தறியோடு சேர்ந்த ஒரு சொல்தான் அது. இந்தப் பதிலுக்காக அதை ‘நாடா’ என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெயர் பரவிய விதம்தான் இப்போது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அவர் ஊரில் தறிக்கணக்கு மென்பொருள் யாருடையதாக இருந்தாலும் அதற்குப் பெயர் நாடா. ‘நாடா தெரிந்த கணக்கர் தேவை’ என்று தறிப்பட்டறைகள் விளம்பரம் கொடுக்கின்றன. ஒரு கணினிப் பயிற்சி மையம் ‘நாடா கற்றுத் தரப்படும்’ என்று தட்டி வைத்திருக்கிறது. விசைத்தறி உரிமையாளர் சங்கத்தின் சுற்றறிக்கை, ‘உறுப்பினர்கள் தங்கள் நாடாவில் புதிய கூலி விகிதத்தை ஏற்றிக்கொள்ளவும்’ என்கிறது. ஒரு கணினிக் கடை ‘எல்லா வகை நாடாவும் குறைந்த விலையில்’ என்று பலகை மாட்டியிருக்கிறது. இவரிடம் வேலை பார்த்து விலகிய ஒருவர், தாம் எழுதிய மென்பொருளை ‘நியூ நாடா’ என்ற பெயரில் விற்கிறார்.

வாசகர் 2018இல் விண்ணப்பித்துத் தம் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருக்கிறார். பதிவு கையில் இருப்பதால் எல்லோருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். ‘ஊரே சொல்லத் தொடங்கிய பிறகு அது பொதுச்சொல், உரிமை போய்விட்டது’ என்கிறார் மைத்துனர். ‘கூகுளைப் பாருங்கள், பெயர் எல்லோர் வாயிலும் புழங்குவது இலவச விளம்பரம்’ என்கிறார் மகள். இதில் யார் பேச்சைக் கேட்பது என்பது அவருடைய முதல் கேள்வி. செல்போனுக்காகத் தயாராகும் புதிய செயலிக்கு என்ன பெயர் வைப்பது என்பது இரண்டாவது. தம் துண்டறிக்கை ஒன்றையும் பதிவுச் சான்றிதழின் நகலையும் இணைத்திருக்கிறார். இணைத்தது நல்லதாயிற்று, பதிலில் பாதி அவற்றிலிருந்துதான் வருகிறது.

அன்புள்ள வாசகருக்கு

மைத்துனரின் பேச்சிலிருந்து தொடங்குகிறேன். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 36ஆம் பிரிவு உங்கள் நிலைமைக்காகவே எழுதியது போல் இருக்கும். பதிவான ஒரு பெயரை, பதிவுக்குப் பின்னர் யாரோ பொருளின் பெயராகப் பயன்படுத்தினார்கள் என்ற ஒரே காரணத்தால் பதிவு செல்லாமல் போகாது என்று அது முதலில் சொல்கிறது. பிறகுதான் விதிவிலக்கு வருகிறது. அந்தப் பொருளை வணிகம் செய்பவர்களே, உங்களோடு எந்த வணிகத் தொடர்பும் இல்லாத சரக்குக்கு, அந்தச் சொல்லைப் பொருளின் பெயராகப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள் என்று நிரூபணமானால் பதிவு ஆட்டம் காணும். எனவே கவனிக்க வேண்டியது மென்பொருள் விற்பவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பதை. தறிப்பட்டறையில் யார் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது இங்கே இரண்டாம்பட்சம்.

உங்கள் ஊர்ச் செய்தித்தாளின் வேலைவாய்ப்புப் பகுதியையே பாருங்கள். ‘டேலி தெரிந்தவர் தேவை’ என்ற வரி இல்லாத நாள் உண்டா? விளம்பரம் கொடுத்தவரிடம் அது எந்த நிறுவனத்துடையது என்று கேட்டால் விழிப்பார். இருந்தாலும் டேலி இன்றும் பெங்களூரு நிறுவனத்தின் டிரேட்மார்க்தான். ஜெராக்ஸ் இன்னும் தெளிவான உதாரணம். தெருவுக்குத் தெரு ஜெராக்ஸ் கடை இருக்கும் நாட்டில், அந்தப் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒரு வழக்கு, அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தின் முன் வந்தது. 2012இல் வாரியம் நீக்க மறுத்துவிட்டது.

மகள் சுட்டிக்காட்டிய கூகுளும் நீதிமன்றப் படி ஏறிய பெயர்தான். ‘கூகுள்’ என்ற சொல் சேர்ந்த 763 இணைய முகவரிகளை 2012இல் அமெரிக்காவில் ஒருவர் பதிவு செய்தார். நிறுவனம் அவற்றைப் பறித்துக்கொண்டதும், இணையத்தில் தேடுவதற்கே மக்கள் ‘கூகுள் செய்’ என்கிறார்கள், ஆகவே அந்தப் பெயர் பொதுச்சொல் என்று அவர் தரப்பு வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அதை ஏற்கவில்லை. தேடும் செயலைக் குறிக்க வினைச்சொல்லாகச் சொல்வதால் மட்டும் பெயர் சாகாது, தேடுபொறி என்ற பொருள்வகைக்கே அது பெயராகிவிட்டதா என்பதுதான் கேள்வி என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் மேற்கொண்டு விசாரிக்க மறுத்தது. போட்டித் தேடுபொறிகள் எவையும் தங்களை ‘ஒரு வகைக் கூகுள்’ என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதை உங்கள் மகள் கவனித்தால், தம் வாதத்தில் விடுபட்டது என்ன என்பது புரியும். அந்த நிறுவனத்தின் பெயர் பிழைத்திருப்பதற்குப் பின்னால் ஒரு சட்டத்துறையே வேலை செய்கிறது. அதை இலவச விளம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

‘எல்லா வகை நாடாவும்’

கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய வரி இதுதான். உங்களை அதிகம் கோபப்படுத்தியது பழைய ஊழியரின் ‘நியூ நாடா’ என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் அவரால் உங்கள் பெயருக்கு வரும் ஆபத்து குறைவு. அவர் உங்கள் பெயரைத் திருடுகிறார். திருடுவதற்கு அது உங்களுடையதாக இருந்தாக வேண்டும் அல்லவா? கணினிக் கடைக்காரர் திருடவில்லை. நாடா என்பது ஒரு பொருள்வகை, அதில் பல உண்டு, எல்லாம் தம்மிடம் கிடைக்கும் என்கிறார். 36ஆம் பிரிவின் விதிவிலக்கு பேசும் பயன்பாடு இதுவே. இன்று ஒரு கடை. நாளை பவானியிலும் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் பத்துக் கடைகள் இதே பலகையை மாட்டினால், உங்களுக்கு எதிரான வழக்கில் அந்தப் பலகைகளின் புகைப்படங்களே முதல் சான்றாக வரும்.

பழைய வழக்கு ஒன்று இதை நன்றாக விளக்கும். ஆஸ்பிரின் என்பது ஜெர்மனியின் பேயர் நிறுவனம் வைத்த பெயர். அந்த மருந்தின் வேதியியல் பெயர் அசிட்டைல் சாலிசிலிக் அமிலம். தலைவலியோடு கடைக்கு வருபவர் வாயில் அது நுழையாது. அமெரிக்க மக்களுக்கு அந்த மாத்திரையைக் கேட்டு வாங்க வேறு சொல்லே இல்லாமல் போயிற்று. 1921இல் நீதிபதி லெர்னட் ஹேண்ட் தீர்ப்பை இரண்டாகப் பிரித்தார். மருத்துவர்களுக்கும் மருந்து வணிகர்களுக்கும் ஆஸ்பிரின் என்றால் பேயரின் சரக்கு. அவர்களிடம் விற்கும்போது பெயர் பேயருக்கே. பொதுமக்களுக்கு அது மாத்திரையின் பெயர் மட்டுமே. அவர்களிடம் நேரே விற்கும்போது யாரும் அந்தப் பெயரைச் சொல்லலாம். ஜெர்மனியிலும் கனடாவிலும் அதே பெயர் இன்னும் பேயரின் சொத்தாக இருக்கிறது. ஒரே சொல், நாட்டுக்கு நாடு வேறு கதி.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு செய்திகள். வணிகர்களிடையே உங்கள் பெயர் உங்கள் பெயராகவே நிற்கும்வரை இந்தியச் சட்டத்தில் உங்கள் கால் ஊன்றியிருக்கிறது. அடுத்ததாக, மக்களுக்கு வேறு சொல் கொடுக்காமல் விட்டால் அவர்கள் உங்கள் பெயரைத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. இந்த இரண்டாவதற்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

உங்கள் துண்டறிக்கையும் ஒரு சான்று

சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. நீங்கள் இணைத்த துண்டறிக்கையின் மூன்றாம் வரி: ‘மற்ற நாடாக்களைவிட எங்கள் நாடா வேகமானது, மலிவானது.’ இதை அச்சடித்தவர் நீங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நானாக இருந்தால் வேறு சாட்சியைத் தேடமாட்டேன். மற்ற நாடாக்கள் என்று ஒன்று இருப்பதை உரிமையாளரே ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு கணினிக் கடைக்காரர் செய்த குற்றம் என்ன?

இப்படிச் சொந்த விளம்பரத்தால் பெயரை இழந்த பெரிய நிறுவனங்கள் உண்டு. எஸ்கலேட்டர் என்பது ஒரு காலத்தில் ஓட்டிஸ் நிறுவனத்தின் பதிவுப் பெயர். அந்த நிறுவனம் தன் விளம்பரங்களில் எலிவேட்டர் என்ற பொதுச்சொல்லுக்குப் பக்கத்திலேயே, அதே தோரணையில், எஸ்கலேட்டரையும் அச்சிட்டு வந்தது. 1950இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் பதிவை ரத்து செய்தபோது அந்த விளம்பரங்களும் கணக்கில் வந்தன.

ஆகவே யாருக்கும் நோட்டீஸ் எழுதுவதற்கு முன் உங்கள் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள். பழைய துண்டறிக்கைகளை நிறுத்துங்கள். பில், உறை, இணையதளம், மென்பொருளின் முதல் திரை என எங்கெல்லாம் பெயர் வருகிறதோ அங்கெல்லாம் அதற்குப் பின்னால் ஒரு பொதுப்பெயரைச் சேருங்கள்: ‘நாடா தறிக்கணக்கு மென்பொருள்’. பெயரைப் பன்மையில் எழுதாதீர்கள். ‘நாடாக்கள்’ என்ற சொல் உங்கள் அலுவலகத்தில் எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது. பெயரின் அருகே வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியைப் போடலாம்; பதிவு இருப்பதால் உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் பதிவான வடிவத்துக்கு மட்டும் போடுங்கள். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது சட்டப்படி தவறு. உங்கள் முகவர்கள் இருவரும் பேசும்போதும் எழுதும்போதும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

‘போட்டோஷாப் செய்த படம்’ என்று சொல்லாதீர்கள், ‘அடோபி போட்டோஷாப் மென்பொருளால் திருத்திய படம்’ என்று சொல்லுங்கள் என அடோபி நிறுவனம் தன் வழிகாட்டு நெறிகளில் எழுதி வைத்திருக்கிறது. அப்படிப் பேசும் மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நிறுவனத்துக்கும் அது தெரியாமல் இருக்காது. பின் எதற்கு எழுதுகிறது? ஒருநாள் நீதிமன்றத்தில், ‘நாங்கள் பேசாமல் இருக்கவில்லை’ என்று காட்டுவதற்கு அந்தத் தாள் உதவும். உங்களுக்கும் அப்படி ஒரு கோப்பு வேண்டும். ஆண்டுவாரியான விற்பனைப் பில்கள், விளம்பரச் செலவு, முகவர் ஒப்பந்தங்கள், அந்தக் கடைப்பலகையின் தேதியிட்ட புகைப்படம், நீங்கள் எழுதும் கடிதங்களின் நகல் எல்லாவற்றையும் அதில் வையுங்கள்.

எல்லோருக்கும் ஒரே நோட்டீஸ் வேண்டாம்

பதிவு கையில் இருந்தால் யாருக்கும் நோட்டீஸ் அனுப்பலாம் என்பது உங்கள் எண்ணம். அது சரியில்லை. டிரேட்மார்க் மீறல் என்பது வணிகத்தின் போக்கில், தம் சரக்குக்கோ சேவைக்கோ அந்தப் பெயரைக் குறியாகப் பயன்படுத்தும்போதுதான் எழும். ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விட்டால், மிரட்டப்பட்டவர் உங்கள் மேல் வழக்குப் போட 142ஆம் பிரிவு வழி கொடுக்கிறது. தடையாணையும் இழப்பீடும்கூட அவர் கேட்கலாம். நீங்கள் உடனே மீறல் வழக்கைத் தொடுத்து ஒழுங்காக நடத்தினால் அந்தப் பிரிவின் பிடியிலிருந்து தப்பலாம். நோட்டீஸ் அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பவருக்குத்தான் சிக்கல்.

சங்கத்துக்கு நோட்டீஸ் அனுப்பவே அனுப்பாதீர்கள். அவர்கள் மென்பொருள் விற்பவர்கள் அல்லர், உங்கள் வாடிக்கையாளர்கள். சுவீடனில் 2013இல் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள மொழி மன்றம் தன் புதுச்சொல் பட்டியலில் ‘ஓகூகல்பார்’ என்ற சொல்லைச் சேர்த்திருந்தது. தேடுபொறியில் தேடியும் கிடைக்காதது என்று பொருள். விளக்கத்தைத் தங்கள் தேடுபொறிக்கு மட்டும் பொருந்துவதாக மாற்ற வேண்டும் என்று கூகுள் கேட்டது. மன்றம் விளக்கத்தை மாற்றவில்லை. அதிருப்தியை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் சொல்லையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிறகு உலகச் செய்தித்தாள்கள் எல்லாவற்றிலும் அந்தச் சொல் வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அது பெருமை சேர்க்கவில்லை. நீங்கள் சங்கச் செயலாளரை நேரில் பார்த்து, அடுத்த சுற்றறிக்கையில் ‘தறிக்கணக்கு மென்பொருளில்’ என்று எழுதும்படி கேட்டால் போதும். ஒரு தேநீர்ச் செலவு.

‘நாடா தெரிந்த கணக்கர் தேவை’ விளம்பரங்களை விட்டுவிடுங்கள். வேலைக்கு ஆள் கேட்பவர் உங்கள் பெயரில் எதையும் விற்கவில்லை.

பயிற்சி மையம் எதைக் கற்றுத் தருகிறது என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மென்பொருளைக் கற்றுத் தந்தால், அதைச் சொல்ல உங்கள் பெயரைச் சொல்லாமல் முடியாது; நேர்மையான வணிக வழக்கப்படியான அத்தகைய பயன்பாட்டை 30ஆம் பிரிவு அனுமதிக்கிறது. உங்கள் அலுவலகத்தின் கிளை என்று தோன்றும்படி உங்கள் சின்னத்தைப் போடாதவரை அது உங்களுக்கு ஆதாயமே. ‘நியூ நாடா’வைக் கற்றுத் தந்துவிட்டு ‘நாடா’ என்று தட்டி வைத்திருந்தால் கதை வேறு. தேவைக்கு மேல் அடுத்தவர் பெயரைப் பயன்படுத்துவதை நீதிமன்றங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு ஹாக்கின்ஸ் குக்கர் வழக்கு இருக்கிறது. எல்லா பிரஷர் குக்கருக்கும் பொருந்தும் கேஸ்கெட்டின் உறையில் ‘ஹாக்கின்ஸ் குக்கருக்கு ஏற்றது’ என்று அச்சிட வேண்டிய அவசியமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு 2012இல் சொன்னது.

கணினிக் கடைக்கு முதலில் உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம். மரியாதையாக, மிரட்டல் இல்லாமல்: இது எங்கள் பதிவுப் பெயர், எங்கள் மென்பொருளை விற்றால் மகிழ்ச்சி, பிறருடையதை இந்தப் பெயரில் விற்க வேண்டாம், பலகையை மாற்றித் தாருங்கள். பதிவு எண்ணையும் குறிப்பிடுங்கள். ஒரு மாதம் பொறுங்கள். மாற்றவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். கடைக்காரர் பலகையை எடுத்துவிட்டு வாயால் மட்டும் அப்படிச் சொல்லி விற்றாலும் மீறல்தான். சொற்களால் ஆன குறியைப் பேச்சில் பயன்படுத்துவதையும் 29ஆம் பிரிவு சேர்த்துக்கொள்கிறது. நிரூபிப்பதுதான் கடினம்.

பழைய ஊழியருக்கு நேரே வக்கீல் நோட்டீஸ். அதே வகைச் சரக்கு, அதே வாடிக்கையாளர்கள், உங்கள் பெயரோடு முன்னால் ‘நியூ’. அந்த ஒட்டு அவரைக் காப்பாற்றாது. உங்களுடைய புதிய பதிப்பு என்று வாங்குபவர் நினைக்கவே அது உதவும். பதிவு இல்லாவிட்டாலும், தம் சரக்கை உங்கள் சரக்கு என்று நம்பவைத்து விற்பதற்காக அவர்மேல் வழக்கு நிற்கும். உங்கள் நிரலையும் எடுத்துச் சென்றிருக்கிறாரா என்று பாருங்கள். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தபோது எழுதிய நிரல், மாறான ஒப்பந்தம் இல்லாத வரையில், பதிப்புரிமைச் சட்டப்படி உங்களுடையது. ஆனால் தறிக்கணக்கு மென்பொருள் என்ற எண்ணத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அவர் தாமே புதிதாக எழுதி வேறு பெயரில் விற்றால் நீங்கள் தடுக்க வழியில்லை; தடுக்க நினைப்பதும் நியாயமில்லை.

வழக்கு வரை போகும் எண்ணம் இருந்தால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. உங்கள் பதிவே செல்லாது என்று நீக்க மனுப் போடும். முகாந்திரம் இருப்பதாகத் தோன்றினால் அது முடியும்வரை உங்கள் வழக்கு நகராமல் நிறுத்தி வைக்கப்படும். மைக்ரோசாப்ட் 2001இல் லிண்டோஸ் என்ற சிறிய நிறுவனத்தின் மேல் பெயர் வழக்குப் போட்டது. ‘விண்டோஸ்’ என்பது மைக்ரோசாப்டுக்கு முன்பே கணினித் துறையில் புழங்கிய பொதுச்சொல் அல்லவா என்ற கேள்வி எழுந்தது. அதை நடுவர் குழு (ஜூரி) முன் வைக்க நீதிபதியும் இடம் கொடுத்தார். 2004இல் மைக்ரோசாப்ட் 2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. லிண்டோஸ் பெயரை மாற்றிக்கொண்டது. வழக்குப் போட்டவரே பணம் கொடுத்தார் என்பதைத்தான் என்னிடம் வரும் கட்சிக்காரர்களிடம் சொல்வேன். உங்களிடம் 2 கோடி டாலர் இல்லை. நமக்கு இங்கே ஒரு வசதி: அவசரத் தடையாணை கேட்காத வணிக வழக்குகளில், வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். பழைய ஊழியரோடு அந்த மேசையிலேயே முடிந்தால் இருவருக்கும் நல்லது.

சான்றிதழில் நான் கண்டவை

உங்கள் பதிவு ஒரு படக்குறிக்குக் கிடைத்தது: தறிச்சக்கரப் படமும் ஆங்கில எழுத்தில் பெயரும் சேர்ந்தது. அப்படிப்பட்ட பதிவு முழு வடிவத்துக்கு உரிமை தருகிறது; உள்ளே இருக்கும் சொல்லுக்குத் தனி உரிமை தானாக வந்துவிடாது. நீங்கள் காக்க விரும்புவதோ சொல்லை. ஆகவே சொல்லை மட்டும் தனியாக, தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் விண்ணப்பியுங்கள். தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். தறியின் உறுப்பைக் குறிக்கும் சொல் என்று ஆட்சேபம் வரலாம். அது தறியை வருணிக்கும், கணக்கு மென்பொருளை வருணிக்காது என்பது நல்ல பதில். 2009 முதலான பில்கள் அதற்குத் துணை நிற்கும்.

பதிவகம் சரக்குகளையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது; உங்கள் பதிவு 9ஆம் வகுப்பில் இருக்கிறது. கணினியில் நிறுவும் மென்பொருளுக்கு அது சரி. இப்போது மாதக் கட்டணத்தில் இணைய வழியாகவும் தருகிறீர்கள் என்பதால் 42ஆம் வகுப்பும் வேண்டும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணைய வழி விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு ஆயுள் முழுவதுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத் தேதியிலிருந்து 10 ஆண்டுகள் மட்டுமே. 2028இல் புதுப்பிக்க வேண்டும்.

இன்று மாலையே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் பக்கத்துக்குப் போய், பழைய ஊழியர் ‘நியூ நாடா’வுக்கு விண்ணப்பித்திருக்கிறாரா என்று பாருங்கள். விண்ணப்பம் பதிவக இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனுப் போடலாம். அதைத் தவறவிட்டு, அவர் பதிவு பெற்று, நீங்கள் தெரிந்தும் தொடர்ந்து ஐந்தாண்டு பேசாமல் இருந்தால், பின்னர் அந்தப் பதிவை எதிர்க்கும் உரிமை அநேகமாகப் போய்விடும்.

செல்போன் செயலிக்குப் பெயர்

செயலிக்கு ‘தறிக்கணக்கு’ என்று பெயர் வைத்துப் பதிவு செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். முதல் காரணம், அது பொருளையே வருணிக்கும் சொல். பதிவு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் காப்பது கடினம். சென்னையின் பாரத் மேட்ரிமோனி நிறுவனம் இணைய விளம்பரச் சொற்களுக்காகக் கூகுளையும் போட்டித் திருமணத் தளங்களையும் எதிர்த்துத் தொடுத்த வழக்கில், ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்ற வருணனைச் சொற்களைப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் மறுத்தது. அவ்வளவு பெயர் பெற்ற நிறுவனத்துக்கே அந்த நிலை.

அதைவிடப் பெரிய காரணம் உங்கள் பழைய பெயர். ஊருக்கு உங்கள் பொருள்வகையைச் சொல்ல ஒரு சொல் தேவைப்படுகிறது. அது இல்லாததால்தான் எல்லோரும் நாடா என்கிறார்கள். ‘தறிக்கணக்கு’ அந்த இடத்தில் நன்றாகப் பொருந்தும். சுருக்கமானது, தறிக்காரர் வாயில் ஏற்கனவே இருப்பது. அதையும் நீங்களே வளைத்துக்கொண்டால் பழைய ஊழியரும் கடைக்காரரும் சங்கமும் மறுபடி நாடாவுக்குத்தான் வருவார்கள். எனவே அந்தச் சொல்லைப் பொதுவில் விடுங்கள். செயலியின் பெயர் ‘நாடா தறிக்கணக்குச் செயலி’ என்று இருக்கட்டும். சங்கச் செயலாளரிடமும் பயிற்சி மையத்திடமும் அந்தச் சொல்லையே சொல்லுங்கள். பழைய ஊழியரோடு சமரசம் பேசும்போது, ‘நியூ நாடா’வைக் கைவிட்டுத் தம் சொந்தப் பெயரோடு ‘தறிக்கணக்கு’ என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று நீங்களே முன்வைத்தால், அவரும் இறங்கி வர ஒரு வழி கிடைக்கும்.

கணினிக் கடைக்காரருக்கு எழுதும் கடிதத்திலும் இந்த வரி இருக்கட்டும்: ‘எல்லா வகைத் தறிக்கணக்கு மென்பொருளும் கிடைக்கும்’ என்று எழுதிக்கொள்ளுங்கள், புதுப் பலகைக்கு ஆகும் செலவு என்னுடையது. பலகைக்கு ஆகும் பணம் வழக்கின் முதல் வாய்தாவுக்கு வழக்கறிஞர் கேட்கும் கட்டணத்தைத் தாண்டாது. வழக்கறிஞராக இருந்துகொண்டு சொல்கிறேன், நம்பலாம்.